பழைய கட்டடத்தில் நம் விழா

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு காலத்தில் நம் சங்கங்களின் ஆண்டு விழா என்றால் சமூக மன்றம், கோயில் மண்டபம், பள்ளி மண்டபம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் நடக்கும். நாற்காலி அடுக்குவது முதல் இலை எடுப்பது வரை உறுப்பினர்களே பார்த்துக்கொள்வார்கள். இன்று வெள்ளி விழா, நூல் வெளியீடு, நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டம், மணிவிழா என எதை எடுத்தாலும் “ஹோட்டலில் வைத்தால் என்ன?” என்ற பேச்சு செயலவைக் கூட்டத்தில் எழுந்துவிடுகிறது. அதிலும் ஆற்றங்கரையிலோ பழைய நகர்ப் பகுதியிலோ உள்ள, நூறாண்டைத் தொடும் கட்டடத்தில் இயங்கும் உயர்தர ஹோட்டல் என்றால் அழைப்பிதழுக்கே ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது.

இது வீண் ஆடம்பரமா என்று நெறியாளர் கேட்டார். ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். புதிதாகக் கட்டிய ஹோட்டலில் விழா நடத்துவதும் பழைய கட்டடத்தில் நடத்துவதும் ஒன்றல்ல. புதிய ஹோட்டலில் மண்டபம் நமக்காகவே கட்டப்பட்டிருக்கிறது. பழைய கட்டடமோ வேறு எதற்கோ கட்டப்பட்டது. அங்கே நாம்தான் அதற்கு ஏற்றபடி வளைந்துகொடுக்க வேண்டும். இதை அறியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் படும் அவதியை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானே பட்டும் இருக்கிறேன்.

அஞ்சலகம் ஹோட்டலானது

நமக்கெல்லாம் தெரிந்த ஃபுல்லர்ட்டன் ஹோட்டலையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், தடித்த தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடம் 1928ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநரான ராபர்ட் ஃபுல்லர்ட்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தலைமை அஞ்சலகம் அங்கேதான் இருந்தது. அதன் முகப்புக் கூடத்து மேசை ஏறக்குறைய 300 அடி நீளம். ஊருக்குப் பணவிடை அனுப்ப அந்த மேசைக்கு முன்னால் வரிசையில் நின்ற கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வருமான வரி அலுவலகமும் ஒரு காலத்தில் அங்கு இருந்தது. மேல் மாடிகளில் சிங்கப்பூர் கிளப் என்ற, ஐரோப்பியச் சீமான்களின் மன்றம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை நெருங்கிய கடைசி நாட்களில் ஆளுநர் ஷென்டன் தாமஸ் தம் மாளிகையை விட்டு வந்து தங்கியதும் அங்கேதான்.

1996இல் அஞ்சலகம் வெளியேறியது. கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2001 ஜனவரி 1ஆம் தேதி ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. 2015 டிசம்பரில் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர் கிளப்பின் வளைவுக் கூரை கொண்ட கூடம் இன்று விருந்துகளும் கூட்டங்களும் நடக்கும் இடமாக இருக்கிறது. அருகே 1933இல் திறக்கப்பட்ட கிளிஃபர்ட் படகுத்துறையும் 2006 வரை படகுகள் வந்துபோன இடம். இப்போது அது பக்கத்து ஹோட்டலான ஃபுல்லர்ட்டன் பேயின் ஒரு பகுதி.

1887இல் தொடங்கிய ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கும், பினாங்கில் 1885இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலுக்கும் இதே போல் நீண்ட கதைகள் உண்டு. அவை ஆரம்பத்திலிருந்தே ஹோட்டல்கள். இரண்டையும் நடத்தியவர்கள் ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள். நேரம் கருதி அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃபுல்லர்ட்டன் வட்டாரத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அங்கிருந்து பத்து நிமிடம்கூட நடக்க வேண்டாம், மார்க்கெட் ஸ்திரீட் வந்துவிடும். நம்மவர்கள் அதைச் செட்டித் தெரு என்றே அழைத்தார்கள். அங்கே வரிசையாகக் கிட்டங்கிகள். நகரத்தார் பெருமக்கள் தரையில் அமர்ந்து, முன்னால் ஒரு சாய்வு மேசை, பக்கத்தில் ஒரு பெட்டகம் என்று வைத்துக்கொண்டு கடன் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் இடிக்கப்பட்டுவிட்டன. இன்று அங்கே வானளாவிய கட்டடங்கள்தான். அதற்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பங்கு தென்னிந்தியர்கள். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் விழா வைக்கிறீர்கள் என்றால், நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் இந்தச் செய்தியை நாலு வரி அச்சிடுங்கள். இல்லாவிட்டால் கொடுக்கும் கூடுதல் பணம் வெறும் சரவிளக்குக்கும் கம்பளத்துக்கும்தான் போகிறது. கட்டட வரலாற்றைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடும் அந்த ஹோட்டலில் உண்டு. வெளிநாட்டு விருந்தினர் வருவதாக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

குத்துவிளக்கு ஏற்றலாமா?

இப்போது நடைமுறைக்கு வருவோம். தேசிய நினைவுச் சின்னம் என்றால் அதன் அமைப்பில் மாற்றம் செய்ய தேசிய மரபுடைமைக் கழகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே இத்தகைய இடங்களின் நிர்வாகம் சுவர், தூண், கூரை விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருக்கும். ஆணி அடிக்க முடியாது. பசைநாடா ஒட்டக்கூட விடமாட்டார்கள், வண்ணம் உரிந்துவிடும். நுழைவாயில் தூணில் வாழை மரம் கட்டலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. வாழை மரம் தொட்டியில்தான் நிற்க வேண்டும். மாவிலைத் தோரணத்துக்குத் தனியாக நிற்கும் சட்டம் வேண்டும். அலங்காரம் செய்பவரை முன்கூட்டியே ஒருமுறை அழைத்துச் சென்று இடத்தைக் காட்டிவிட்டால் விழா நாளன்று வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

குத்துவிளக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை. நம் நிகழ்ச்சி எதுவும் விளக்கேற்றாமல் தொடங்காது. ஹோட்டலுக்கோ திறந்த தீச்சுடர் என்றாலே அச்சம். கூரையில் புகை உணரும் கருவி இருக்கும். ஐந்து திரி போட்ட விளக்குக்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஆனால் அடியில் மணல் தட்டு வை, பக்கத்தில் தீயணைப்பான் வை, சடங்கு முடிந்ததும் அணைத்துவிடு என்பார்கள். ஹோமம் என்றால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். அதை வீட்டிலோ கோயிலிலோ முடித்துக்கொண்டு வருவதே மேல். எதுவானாலும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பனைப் பிரிவில் “முடியும்” என்று சொன்னவர் விழா நாளன்று பணியில் இருக்கமாட்டார்.

நாதசுரம், தவில் விஷயமும் அப்படித்தான். மண்டபத்துக்கு நேர் மேலே அறைகளில் விருந்தினர் தங்கியிருப்பார்கள். தடித்த சுவர் ஒலியைத் தடுக்கும் என்று எண்ணாதீர்கள். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் தவில் எங்கும் கேட்கும். எத்தனை மணி வரை வாசிக்கலாம் என்பதையும் முன்னதாகக் கேட்டுவிடுங்கள்.

பழைய கட்டடங்களில் தூண்கள் இருக்கும். வெளியிலிருந்து பார்க்க அழகு, உள்ளே மேசை போடும்போது தொல்லை. தூணுக்குப் பின்னால் அமர்த்தப்பட்ட மேசையினர் மேடையைப் பார்க்காமலே வீடு திரும்புவார்கள். நன்கொடை கொடுத்தவர் அந்த மேசையில் இருந்தால் அடுத்த ஆண்டு நன்கொடையை மறந்துவிடுங்கள். ஆகவே வண்ணப்படக் கையேட்டைப் பார்த்து மயங்காமல், தூண்கள் குறிக்கப்பட்ட தரைப்படத்தைக் கேட்டு வாங்கி மேசைகளை வரைந்து பாருங்கள். கிளிஃபர்ட் படகுத்துறை இதற்கு ஒரு விதிவிலக்கு. கான்கிரீட் வளைவுகளே கூரையைத் தாங்குவதால் நடுவில் தூண் கிடையாது.

பின்வாசல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் அமைப்பின் ஆண்டு விழாவை ஒரு பழைய ஹோட்டலில் நடத்தினோம். பெயர் வேண்டாம். மண்டபம் பிரமாதம், முகப்பில் அகலமான படிக்கட்டு. படம் எடுக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை. எங்கள் அமைப்பைத் தொடங்கிய பெரியவருக்கு அன்று சிறப்பு செய்வதாக ஏற்பாடு. அவருக்கு வயது 88, சக்கர நாற்காலியில் வந்தார். மாலையும் கையுமாகப் படியில் காத்திருந்த எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது, நாற்காலி எப்படி ஏறும் என்று ஒருவருமே யோசிக்கவில்லை.

ஹோட்டல் ஊழியர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, சரக்கு இறக்கும் வாசலில் நுழைந்து, சமையலறையைக் கடந்து, சரக்கு மின்தூக்கியில் ஐயாவை ஏற்றினோம். தரை ஈரமாக இருந்தது. காய்கறிக் கூடைகளை ஒதுக்கி வழி செய்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்துச் சொன்னார்: “பரவாயில்லை தம்பி. பதினாலு வயசுல சலவைத் துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு இந்த வாசல் வழியாத்தான் வருவேன். முன்வாசல் எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பார்க்கலாம்னு நெனச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள்தான் தெரிந்தது, கட்டடத்தின் மறுபக்கத்தில் சரிவுப்பாதையுடன் ஒரு வாசல் இருந்திருக்கிறது. மாலையில் அதைப் பூட்டிவிடுவார்களாம். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் திறந்து வைத்திருப்பார்களாம். நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பழைய கட்டடங்கள் பலவற்றில் இப்போது சரிவுப்பாதையும் மின்தூக்கியும் உண்டு. அவை எங்கே இருக்கின்றன, எத்தனை மணி வரை திறந்திருக்கும், கழிவறைக்குப் போகும் வழியில் படி உண்டா என்பதை நடந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு எந்த இடம் பார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். சாப்பாட்டு விலை அப்புறம்.

சரக்கு என்றதும் இன்னொன்று. மேடைப் பொருள், மலர், ஒலிக்கருவி கொண்டுவரும் லாரிக்கு நேரம் ஒதுக்கித்தான் விடுவார்கள். ஃபுல்லர்ட்டன் பக்கம் கேவனா பாலத்தின் முகப்பில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருக்கிறது. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடு குதிரைகளும் பாலத்தில் வரக்கூடாது என்கிறது. பாலம் இன்று நடந்து செல்வோருக்கு மட்டுமே. இரவல் லாரி ஓட்டிவரும் நண்பருக்கு முன்பே வழி சொல்லிவிடுங்கள்.

தேதியும் முக்கியம். மரினா பே வட்டாரத்தில் 2008இல் இரவு நேர ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் தொடங்கியது. ஃபுல்லர்ட்டன் சாலையும் பந்தயப் பாதையில் அடங்கும். பந்தய வாரத்தில் சாலைகள் மூடப்படும், அறை வாடகையும் ஏறும். தேசிய தின ஒத்திகை நடக்கும் சனிக்கிழமைகளும், ஆண்டின் கடைசி இரவும் அப்படியே. நல்ல நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு போக்குவரத்து அறிவிப்பையும் பார்ப்பது நல்லது. ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான் என்பதை அழைப்பிதழில் போட்டால் கார் நிறுத்த அலைவோர் குறைவார்கள்.

சைவமும் ரசீதும்

உணவில் நம் கூட்டத்துக்கு மூன்று தேவைகள்: ஹலால், இந்திய அசைவம், சுத்த சைவம். ஹலால் சான்றிதழ் எந்தச் சமையலறைக்கு இருக்கிறது என்று கேளுங்கள். ஹோட்டலில் ஓர் உணவகத்துக்கு இருப்பதால் விருந்து மண்டபத்துக்கும் இருக்கும் என்று பொருளல்ல. சைவம் என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் கோழி வடிவில் செய்த சோயாவைக் கொண்டுவந்து வைப்பார்கள். சைவக்கார மூதாட்டிகள் அதைக் கண்டு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். முட்டை இல்லை, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்று விவரமாக எழுதிக் கொடுங்கள். வெளியிலிருந்து இந்திய உணவு வரவழைக்கச் சில ஹோட்டல்கள் அனுமதிக்கும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

கடைசியாகப் பணம். விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் பொருள் சேவை வரியும் இனிமேல்தான் சேரும் என்று அர்த்தம். 10 பேர் மேசை 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 30 மேசைக்கு 30,000 வெள்ளி. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 3,000 வெள்ளி. ஆக 33,000. 2024 ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. அது 33,000க்கும் சேர்த்துக் கணக்கிடப்படும், 2,970 வெள்ளி. மொத்தம் 35,970. செயலவையில் 30,000 என்று ஒப்புதல் வாங்கிய பொருளாளர் மீதி ஆறாயிரத்துக்கு எங்கே போவார்? அதோடு, உறுதி செய்த எண்ணிக்கைக்குக் குறைவாக ஆட்கள் வந்தாலும் முழுப் பணமும் கட்ட வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலிருப்பதும், சொல்லாமலே குடும்பத்தோடு வருவதும் நமக்குப் பழக்கம். பெயர் பெயராகத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மண்டபத்தை இரவு எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். கூடுதலாகும் ஒவ்வொரு மணிக்கும் பணம். 7 மணி விழா நம்மிடம் 8 மணிக்குத் தொடங்குகிறது, வாழ்த்துரைக்கு எட்டுப் பேர். இந்தக் கணக்கை ஹோட்டலால் சரிசெய்ய முடியாது, செயலவைதான் செய்ய வேண்டும்.