பெண்ணாறு அறுத்த பள்ளத்தாக்கு

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடும் மாத்தூர் நேயர்களே, செம்பாறைப் பள்ளத்தாக்கு ஒன்று பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், கண்டிக்கோட்டை. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போகிற இடம். சுமார் 300 அடி கீழே தண்ணீர்.

சென்னை மாதவரத்தில் திருப்பதி பஸ் பிடித்து, கடப்பா வழியாக ஜம்மலமடுகு போய்விட்டால் அப்புறம் 15 கிலோமீட்டர்தான். ரயில் என்றால் மும்பை மார்க்கத்தில் முத்தனூர். எந்த வண்டி அங்கே நிற்கும் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள்.

பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதம் கிளம்பிவிடாதீர்கள். கடப்பா வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பாறையில் நிழலும் கிடையாது. அரையாண்டு விடுமுறைதான் சரி. ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதியில் முன்பதிவு செய்துவிட்டு, விடியற்காலையில் விளிம்புக்குப் போங்கள். கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் ஏடாகூடமாகக் கிடக்கும். ரப்பர் செருப்பு வழுக்கும். எல்லா இடத்திலும் தடுப்புக் கம்பி இல்லை, சின்னப் பிள்ளைகளின் கையை விடவே கூடாது. செல்ஃபி பைத்தியம் பிடித்த பெரியவர்களையும்தான்!

கோட்டைக்குள் மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, பழைய தானியக் களஞ்சியம் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். மறுநாள் பேலம் குகை. உள்ளே புழுக்கம் அதிகம், ஆளுக்கொரு துண்டு அவசியம்.