படித்துவிட்டுச் சொல்வோம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். பங்கைச் சேர்ந்த ஒரு தாய், கல்லூரியில் படிக்கும் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் கையில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு பழைய புத்தகம் இருந்தது. "சாமி, இது பரபாவோட கதையாம். ஆண்டவருக்குப் பதிலா விடுதலையான கொலைகாரனைப் பெரிய ஆளா வச்சு எழுதியிருக்காங்க. நம்ம பிள்ளைங்க இதையெல்லாம் படிக்கலாமா?" என்று கேட்டார்.

நாம் அட்டையைத் திருப்பிப் பார்த்தோம். "வேண்டாம்மா, இப்போதைக்குப் பாடப் புத்தகத்தைப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டோம். அந்தப் பெண் மரியாதை குறையாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சாமி, நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?"

படித்ததில்லை. குருமடத்தில் இறையியல் பட்டம் பெற்றவர் நாம். ஆனாலும், பக்கம் புரட்டாத ஒரு நூலுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டோம். அன்று இரவு அந்தக் கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை. பிறகு அந்த நூலைத் தேடிப் படித்தோம். அதைத் தமிழில் தந்தவரைப் பற்றியும் அறிந்துகொண்டோம். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஒரு நூலைப் பற்றி நாம் சொல்லும் கருத்துக்கு எவ்வளவு பொறுப்பு வேண்டும் என்பதைப் பற்றியது.

ஒரு பெரும் வாசகர்

அவர் பெயர் க.நா. சுப்ரமண்யம். 'க.நா.சு.' என்றே தமிழுலகம் அவரை அறியும். 1912-இல் தஞ்சை மண்ணில் பிறந்து 1988-இல் மறைந்தார். நாவல், சிறுகதை, கவிதை என எல்லாம் எழுதினார். 'பொய்த்தேவு' அவருடைய புகழ்பெற்ற நாவல். 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்ற நூலுக்காக 1986-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர் ஒரு வாசகர். வாழ்நாள் முழுவதும் படித்தார். படித்ததைப் பற்றித் தயங்காமல் கருத்துச் சொன்னார்.

தமிழ் நூல்களை அறிமுகப்படுத்தி அவர் எழுதிய கட்டுரைகளின் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'படித்திருக்கிறீர்களா?' என்பது. அந்தக் கல்லூரிப் பெண் நம்மிடம் கேட்ட அதே கேள்வி! அதை நூலின் பெயராகப் பார்த்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அவருடைய படிப்புக்கு எல்லை கிடையாது. ஐரோப்பிய இலக்கியங்களை ஆங்கிலத்தின் வழியாகப் படித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் மூன்று நூல்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

மூன்று நூல்கள்

முதலாவது, அந்தப் பெண்ணின் கையிலிருந்த 'அன்பு வழி'. சுவீடன் நாட்டு எழுத்தாளர் பேர் லாகர்க்விஸ்ட் 1950-இல் எழுதிய 'பாரபாஸ்' நாவலின் தமிழாக்கம் இது. அடுத்த ஆண்டே, 1951-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நற்செய்தியில் பரபா விடுதலையானதோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. நாவல் அங்கேதான் தொடங்குகிறது. தனக்குப் பதிலாக ஒருவர் சிலுவையில் சாவதை அவன் தொலைவில் நின்று பார்க்கிறான். பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தக் காட்சி அவனை விடுவதில்லை. நம்ப விரும்புகிறான், நம்ப முடியவில்லை. சைப்ரஸ் தீவின் சுரங்கத்தில் சாகாக் என்ற கிறிஸ்தவ அடிமையோடு ஒரே சங்கிலியில் பிணைக்கப்படுகிறான். விசாரணை வரும்போது சாகாக் தன் ஆண்டவரை மறுக்காமல் சிலுவையில் உயிர் விடுகிறான். பரபா மறுத்துவிட்டு உயிர் பிழைக்கிறான். கடைசியில் உரோமையில் கிறிஸ்தவர்களோடு அவனும் சிலுவையில் அறையப்படுகிறான். அப்போதாவது நம்பினானா என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

இந்த நூல் கொலைகாரனைப் பெரிய ஆளாக்கவில்லை. "எனக்காக ஒருவர் இறந்தார்" என்பதை ஒரு மனிதன் உண்மையாகவே எண்ணிப் பார்த்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறது. ஆண்டுதோறும் தவக்காலத்தில் நாம் ஆற்றும் மறையுரைகளில் இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். இந்து சமயத்தில் பிறந்த ஒரு வாசகர் இதைத் தமிழருக்குத் தந்தார். பங்குத்தந்தையான நாமோ அதைப் படிக்க வேண்டாம் என்றோம்.

இரண்டாவது, 'மதகுரு'. இலக்கியத்துக்கான நோபல் பரிசை முதன்முதலில் பெற்ற பெண்மணி செல்மா லாகர்லெவ். 1891-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலான 'யெஸ்டா பெர்லிங்' கதையை க.நா.சு. இந்தப் பெயரில் தமிழாக்கினார். கதையின் நாயகன் குடிப்பழக்கத்துக்கு அடிமையான ஒரு போதகன். மக்களின் புகாரை விசாரிக்க ஆயரே வந்துவிடுகிறார். அன்றைய மறையுரையில் அவன் அற்புதமாகப் பேசி அனைவரையும் உருகச் செய்கிறான். ஆனாலும் அவன் வாழ்வு தடம் புரள்கிறது. அருள்பணியாளர் ஒருவரின் வீழ்ச்சியைச் சொல்லும் கதையைப் படிப்பது நம்மைப் போன்றவர்களுக்கு எளிதல்ல. ஆனால் ஆசிரியர் அவனைக் கேலி செய்யவுமில்லை, கைவிடவுமில்லை. திறமை வேறு, தூய்மை வேறு என்ற பாடத்தை நாம் அதில் கற்றோம்.

மூன்றாவது, நார்வே நாட்டு நட் ஹாம்சனின் 'நிலவளம்'. 1917-இல் வெளிவந்த நாவல்; 1920-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஐசக் என்ற உழைப்பாளி மனித வாசனையே இல்லாத காட்டில் தனியாக வந்து, கல்லைப் பெயர்த்து, மண்ணைத் திருத்தி, பண்ணை அமைக்கிறான். மானம் பார்த்த பூமியில், கண்மாய் நிறையுமா என்று வானத்தைப் பார்த்தே வாழும் நம் புதுக்கோட்டை மாவட்ட விவசாயிக்கு ஐசக் அந்நியன் அல்ல.

ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. இந்த ஹாம்சன், இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் ஆட்சியை ஆதரித்தார். அப்படியானால் அவருடைய நூலைத் தூக்கி எறிவதா? நூலில் உள்ள நன்மையை ஏற்பதும், எழுதியவரின் தவற்றைத் தவறு என்று சொல்வதும் ஒரே வாசகரால் முடியும். அந்த முதிர்ச்சியையும் வாசிப்புதான் தருகிறது.

கருத்தும் எதிர்க்கருத்தும்

க.நா.சு. எல்லா நூல்களையும் புகழ்ந்தவர் அல்லர். பல்லாயிரம் வாசகர்கள் கொண்டாடிய கல்கியின் நாவல்களை உயர்ந்த இலக்கியமாக அவர் ஏற்கவில்லை. அதே நேரத்தில் அதிகம் பேசப்படாத எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்துச் சொன்னார். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலை எடுத்துக்காட்டிப் பேசினார். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

அவரை எதிர்த்தவர்களும் உண்டு. 'நல்ல நூல்' என்று பட்டியல் போடுகிறாரே தவிர, அதற்கான காரணங்களை விளக்குவதில்லை என்று குறை கூறினார்கள். இலங்கையின் க. கைலாசபதி போன்ற மார்க்சியத் திறனாய்வாளர்கள் அவருடைய அணுகுமுறையையே மறுத்தார்கள். அந்தக் குறையில் ஓரளவு உண்மை உண்டு என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அவர் படித்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னது பிறரை அந்த நூலை நோக்கி அனுப்பியது. நாம் சொன்னதோ ஒரு பெண்ணின் கையிலிருந்த நூலை மூட வைத்தது.

'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' என்றும் அவர் ஒரு நூல் எழுதினார். அந்த வரிசையில் முதலில் நிற்பது 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலைத் தந்தவர் நம்மவர் என்று பெருமை பேசுகிறோம். அதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

திருச்சபையின் பாதை

திருச்சபையும் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது. 1559-இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் உரோமையில் வெளியானது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம் 1966-இல் முடிவுக்கு வந்தது. தீங்கு செய்யும் நூல்களே இல்லை என்பது இதன் பொருள் அல்ல. எது நல்லது, எது தீயது என்று தேர்ந்து தெளியும் பொறுப்பு இப்போது நம் ஒவ்வொருவரின் மனச்சான்றிடமும் இருக்கிறது என்பதே பொருள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில் இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு மடல் எழுதினார். குருக்களின் பயிற்சிக்காக எழுதத் தொடங்கி, அது எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உரியது என்று கண்டுகொண்டார். இளம் இயேசு சபைத் துறவியாக 1964, 65-ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினாவின் சாந்தா பே நகரில் இலக்கியம் கற்பித்ததை அதில் நினைவுகூர்கிறார். பாடத்திட்டத்தில் இருந்தது 'எல் சித்' என்ற பழங்காவியம். மாணவர்களோ லோர்காவைப் படிக்க விரும்பினார்கள். காவியத்தை வீட்டில் படித்துவாருங்கள் என்று சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினார். பிள்ளைகளின் ஆர்வத்தை அவர் தடுக்கவில்லை. அதோடு சேர்ந்து நடந்தார்.

நம் ஊரில்

புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புத்தகம் புதிதல்ல. உலக நூல்களையும் மலிவு விலைப் பதிப்புகளையும் தமிழருக்குத் தந்த 'சக்தி' வை. கோவிந்தன், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ஆகிய இருவரும் நம் மாவட்டத்து இராயவரத்தில் பிறந்தவர்கள். திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா ஆய்வு நூலகம், கல்விப் பணியில் இருந்த பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் சொந்த உழைப்பில் உருவாக்கியது. முதற்பதிப்புகள் பலவற்றோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை அவர்கள் சேர்த்தார்கள். ஒரு குடும்பத்தால் இது முடிந்தது என்றால், ஒரு பங்கால் ஓர் அலமாரி நூல்களையாவது சேர்க்க முடியாதா?

எனவே சில எளிய பழக்கங்களைத் தொடங்குவோம். வீட்டில் பிள்ளை ஒரு புத்தகத்தோடு வந்தால், "இது எதற்கு?" என்று கேட்காமல், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்போம். முடிந்தால் நாமும் படிப்போம். அன்பியக் கூட்டத்தில் மாதம் ஒருவர், தாம் படித்த ஒரு நூலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். பிடித்தது என்றாலும் பிடிக்கவில்லை என்றாலும், காரணத்தைச் சொல்லட்டும். படிக்காத நூலைப் பற்றி மட்டும் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இந்த விதி முதலில் பங்குத்தந்தைக்கே பொருந்தும்.

அந்தத் தாயையும் மகளையும் பிறகு ஒரு நாள் சந்தித்தோம். "நாங்கள் சொன்னது தவறு அம்மா, புத்தகத்தைப் படித்துவிட்டோம், தங்கை தாராளமாகப் படிக்கட்டும்" என்றோம். மகள் சிரித்தாள். "அன்னைக்கே படிச்சு முடிச்சிட்டேன் சாமி. அம்மாதான் இப்ப படிக்கிறாங்க" என்றாள்.

சிந்திப்போம். படித்துவிட்டுச் சொல்வோம்.