கடனில் நெய்து கடனில் கட்டும் பட்டு!

கல்யாணம் என்றால் ஜவுளி எடுக்க வேண்டும்; ஜவுளி என்றால் பட்டு வேண்டும்; பட்டு என்றால் பணம் வேண்டும்; பணம் இல்லையென்றால் கடன் வேண்டும்! உழைப்பவன் வீட்டில் மகளுக்கு மணம் பேசி முடிந்ததும் காரியங்கள் இந்த வரிசையிலேதான் நடக்கின்றன. வாசல் வழியாக மகிழ்ச்சி வருகிறது. அதன் பின்னாலேயே வட்டிக்காரரும் வருகிறார்.

"மகளைப் பட்டுடுத்திப் பார்க்கக்கூடாது என்கிறீர்களா?" என்று கோபிக்காதீர்கள், தோழர்களே! நாம் அப்படிச் சொல்லவில்லை. ஆலையிலும் சாலையிலும் உழைத்துக் களைத்த குடும்பத்துக்கு வாழ்நாளில் வாய்க்கிற நல்ல நாள் நாலோ ஐந்தோதான். அதிலே ஒரு நாள் பளபளப்பாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? பட்டு பணக்காரருக்கே உரியது என்று எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. நெய்கிறவன் ஏழை, உடுத்துகிறவளும் ஏழையாக இருக்கட்டுமே! நாம் கேட்பது வேறு. அந்தப் பட்டுக்காக யார் எத்தனை காலம் கட்டுப்பட்டுக் கிடக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஜவுளிக் கடைக்குப் புறப்படும்போது குடும்பத்தின் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு சேலை, முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம். மாலை வரவேற்புக்குக் கோட்டும் சூட்டும். சம்பந்தியம்மாளுக்கு, நாத்தனாருக்கு, அத்தைமார்களுக்கு, தாய்மாமன் மனைவிக்கு என்று ஆளுக்கொரு சேலை. இப்போது ரவிக்கைக்கு ஆரி வேலை என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்தக் கூலியே ஒரு நல்ல பருத்திச் சேலையின் விலையைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறோம். "பத்தாயிரத்துக்குள் பார்க்கலாம்" என்று படியேறிய குடும்பம், "ஒரே ஒரு நாள்தானே!" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுகிறது. இறங்கி வரும்போது சீட்டுப் பணம் தீர்ந்திருக்கிறது. வீட்டு நகையின் மேலும் கண் விழுந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஜவுளிக்காக மட்டும் 50,000 ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000, மூன்றாண்டில் 54,000! வாங்கிய தொகைக்கு மேலேயே வட்டி கட்டியாகிவிட்டது. அசல் ஐம்பதாயிரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் மகளுக்குக் குழந்தை பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டது. தாத்தா இன்னும் அவள் முகூர்த்தச் சேலைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சேலையோ, இரண்டாம் முறை வெளியே வராமல் பெட்டியில் உறங்குகிறது. கந்து வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அவசரத்துக்குக் கை நீட்டுகிறவன் அதைக் கேட்டா வாங்குகிறான்?

இது பட்டின் ஒரு முனை. மறுமுனைக்குப் போவோம், காஞ்சிக்குப் போவோம்.

கருநாடகத்திலிருந்து பட்டு நூல் வருகிறது. சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. காஞ்சி தருவது என்ன? கை! விடியுமுன் எழுந்து தெருவிலே பாவை நீட்டி, அறுந்த இழையை முடிந்து, சிக்கெடுத்துத் தறியேற்றுகிற கை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று பார்த்து மயங்குகிறோமே, அதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் இருப்பவர் ஒருவரால் ஆகாது. பக்கத்திலே இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள வேண்டும். ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம். சேலைக்குத்தான் கூலி. நூல் சிக்கிய நாளுக்கும், மழையில் தறிக்குழி ஈரமான நாளுக்கும் கூலி இல்லை.

அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? முன்பணத்தைக் கொண்டு! நெசவு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை அவருக்கே நெய்ய வேண்டும். மகள் கல்யாணம், மனைவியின் மருத்துவம், மகனின் படிப்பு என்று ஒவ்வொன்றும் அந்தக் கணக்கிலே ஏறுகிறது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் கட்டுண்டு கிடந்ததை எழுதிற்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்! அரசின் முயற்சியாலும் பள்ளிகளாலும் தறியடியிலிருந்த பிள்ளைகள் பலர் மீண்டார்கள். இன்று நெசவாளியின் மகன், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காலையிலே காத்து நிற்கிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதியைத் தறி அவன் தந்தைக்குத் தரவில்லையே!

2008இல் 'காஞ்சிவரம்' என்றொரு படம் வந்தது. சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. மகளின் மணத்துக்குப் பட்டுச் சேலை தருவேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, அதற்காகப் பட்டு இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடத் துணிகிற கதை. நாளெல்லாம் பட்டிலே கை வைத்திருப்பவனுக்கு ஒரு பட்டுச் சேலை எட்டாக் கனி! கதைதான், ஆனால், காஞ்சித் தெருக்களில் அதைப் பொய் என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

இந்த இரு முனைகளுக்கும் நடுவிலே இன்னொருத்தியும் நிற்கிறாள். ஆம், நிற்கிறாள்! ஐம்பது சேலையை நமக்கு விரித்துக் காட்டி, ஐம்பதையும் மடித்து வைக்கும் விற்பனைப் பெண். தென்மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்து, காலையிலிருந்து இரவு வரை காலூன்றி நின்றவள். கடைப் பணியாளர்க்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் செய்தது எப்போது தெரியுமா? 2021இல்! நாற்காலி ஒன்றுக்குச் சட்டம் வேண்டியிருந்தது. அதுவும் இவ்வளவு காலம் கழித்து! அடுத்த முறை கடைக்குப் போகும் தோழர்கள், அந்த நாற்காலி இருக்கிறதா, அதில் யாராவது உட்காருகிறார்களா என்று ஒரு கண் வையுங்கள். இல்லையென்றால் கேளுங்கள். வாங்க வந்தவர் கேட்டால் முதலாளியின் காதிலே விழும்.

நெய்தவர் கடனிலே, உடுத்துகிறவர் வீடு கடனிலே, விற்றுக் கொடுத்தவள் கால் வீக்கத்திலே! அப்படியானால் கொடுத்த பணம் எங்கே போகிறது? வண்ண விளக்குக்கும், நடிகையின் விளம்பரப் படத்துக்கும், இடைத்தட்டுக்கும் பெரும் பங்கு போய்விடுகிறது. போதாதென்று போலியும் வந்து நுழைகிறது. சேலை வகைகள் சிலவற்றைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இல் சட்டம் போட்டார்கள். விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று சொல்லி விற்பது இன்னும் நிற்கவில்லை. வெள்ளித் தகட்டைப் பட்டிழையில் சுற்றிப் பொன் முலாம் ஏற்றிய ஜரிகை ஒன்று. செம்புக் கம்பியில் மெருகேற்றிய ஜரிகை வேறொன்று. இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோல மின்னும். விலையிலேதான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, பையனுக்குக் கோட்டு சூட்டு மட்டும் நல்லதாக இருக்கட்டும், எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பட்டு எடுத்துவிடுங்கள்" என்று சொல்கிறவர்கள், தாம் பெருந்தன்மையாகப் பேசியதாகவே எண்ணுகிறார்கள். 1961இன் வரதட்சணைத் தடைச் சட்டம் பணத்தையும் பவுனையும் மட்டும் சொல்லவில்லை. திருமணத்தை ஒட்டிக் கேட்டு வாங்குகிற பொருள் துணியானாலும் அது வரதட்சணைதான்! தானாக மனமுவந்து தருகிற அன்பளிப்பு வேறு. அதையும் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985இன் விதி கூறுகிறது. மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு, சம்பந்தி வீட்டிலே பட்டுச் சேலை எத்தனை என்று எண்ணுகிற தோழர் யாரேனும் இருந்தால், அவர் முதலில் தன் வீட்டுக் கூட்டத்தில் பேசட்டும்!

சட்டம் மணமக்களிடம் என்னதான் கேட்கிறது? 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினால் போதும். மோதிரம் அணிவித்தால் போதும். தாலி கட்டினாலும் சரி. அதிலே பட்டு என்ற சொல்லே இல்லை. பட்டு கட்டினாலும் திருமணம் செல்லும்; பருத்தி கட்டினாலும் செல்லும். கடன் பட்டுத்தான் கட்ட வேண்டும் என்று கட்டளையிட்டது சட்டமல்ல. "ஊர் என்ன சொல்லும்" என்கிற அச்சம்.

அதே அண்ணா, தறிகள் ஓய்ந்து நெசவாளர் குடும்பங்கள் வாடிய 1953இல், திருச்சி வீதிகளிலே கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். வாங்குகிறவன் கை நெய்கிறவன் வயிற்றைத் தொடுகிறது என்பதை வீதியிலே நின்று காட்டிய செயல் அது. இன்று நாம் தோளில் சுமந்து விற்க வேண்டியதில்லை. அறிவோடு வாங்கினால் போதும்.

எப்படி வாங்குவது? கடைக்குப் போகுமுன் வீட்டிலே உட்கார்ந்து, கையிலுள்ள பணத்தை முதலில் எழுதுங்கள். சேலைப் பட்டியலைப் பிறகு எழுதுங்கள். பணத்துக்குள் பட்டியல் அடங்கட்டும். மணமகளையும் அந்தக் கணக்கிலே உட்கார வையுங்கள். "அப்பா, எனக்கு ஒன்று போதும்" என்று சொல்கிற மகள்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம்.

முகூர்த்தத்துக்கு ஒரு நல்ல கைத்தறிப் பட்டு எடுங்கள். மற்ற நிகழ்ச்சிகளுக்குப் பட்டும் பருத்தியும் கலந்த கோவைக் கோரா இருக்கிறது. திருமணச் சேலைக்கே பெயர் போன கூறைநாட்டு நெசவும் இருக்கிறது. அவை மறுபடியும் மறுபடியும் உடுத்தக் கூடியவை. மாப்பிள்ளைக்குச் சேலம் வெண்பட்டு வேட்டி போதாதா? ஒரு மாலைக்கு மட்டும் கோட்டு எதற்கு?

சில்க் மார்க் முத்திரை, பட்டு தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கையால் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரையைத் தனியே பாருங்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06இலேயே கிடைத்திருக்கிறது, அதையும் கேளுங்கள். ஜரிகை எந்த வகை என்று ரசீதிலே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்கத் தயங்குங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் காஞ்சியிலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் இருக்கின்றன. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஊர் ஊராகக் கடை வைத்திருக்கிறது. ஓராண்டுக்கு முன்பே மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து வைத்தால், அங்கே ரொக்கமாக வாங்கலாம். வட்டி என்ற பேச்சே எழாது.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி உயர்வுக்காக நாட்கணக்கில் போராடுகிறோம். போராடிப் பெற்ற உயர்வை வட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொட்டுவதைத் தடுக்க ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா? சங்கத்துக்குச் சங்கம் ஒரு திருமணச் சேமிப்பு நிதி தொடங்கினால் என்ன? நூறு பேர் மாதம் இருநூறு ரூபாய் போட்டால் இருபதினாயிரம். ஆண்டுக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். பத்து வீட்டுத் திருமண ஜவுளிக்கு அது முறையாகச் சுழன்று வரும். அந்தப் பணத்தோடு பத்து வீட்டாரும் சேர்ந்து நேரே நெசவாளர் சங்கத்துக்குப் போனால், பட்டின் இரு முனையிலும் உள்ள கடனில் கொஞ்சமாவது அறுபடும்.

தை பிறந்தால் திருமணங்கள் வரிசை கட்டி வரும். அதற்கு முன்பே அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். பெண்களையும் அழைத்து வைத்துப் பேசுங்கள்!