பட்டுப்போகும் மலைக்காடும் பல்துறை ஆய்வாளரும்

ஒரு தொகுதியின் இயல்பு அதன் உறுப்புக்களின் வெறுங் கூட்டுத்தொகையன்று. உறுப்புக்களிடையே நிலவும் உறவுகளே அதனைத் தீர்மானிக்கின்றன. அத்தகைய தொகுதிகளைத் துறைகடந்து ஆராய்வோர்க்கு வேண்டிய தகைமைகள் யாவை? பட்டிப்பொலவுக்கு அண்மையிலுள்ள மலைக்காட்டை முன்னிறுத்தி இவ்வினாவை நோக்கலாம்.

ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில், இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையத்தைக் கொண்ட ஊர் பட்டிப்பொல. அதற்கப்பால் 2,357 மீற்றர் உயரமான தொட்டுபொல மலையும் ஹோர்ட்டன் சமவெளியும் உள்ளன. அங்கு மரங்கள் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுப்போவது 1970களிலேயே பதிவாயிற்று. வறட்சி, மண்ணின் சத்துக்குறைவு, ஈயத்தின் நச்சுத்தன்மை, காற்று மாசு எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. இவற்றுள் எதுவும் தனித்துநின்று முழு விளக்கமாக நிலைபெறவில்லை. இக்காட்டின் இலைகள் முகிலின் ஈரத்தைப் பற்றி மண்ணுக்கு வழங்குபவை. மரம் பட்டால் அவ்வீரம் குறையும். ஈரம் குறைந்தால் எஞ்சிய மரமும் நலியும். விளைவே மீண்டும் காரணமாகும் இவ்விடத்தில், தன் துறையின் எல்லையை அறிந்து அயல்துறையின் மொழியைக் கற்பதே ஆய்வாளரின் முதற்றகைமை.

இத்தகைய நோக்கு இந்நாட்டிற்குப் புதியதன்று. 1869இல் இலங்கையிற் கோப்பித் துருநோய் காணப்பட்டது. 1880 முதல் 1882 வரை அதனை ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், பங்கசின் வாழ்க்கையை விளக்கியதோடு அமையவில்லை. ஒரே பயிரை இடையறாது பரப்பியமை காற்றிற் பரவும் வித்திகளுக்கு வழிதிறந்தது என்பதையும் உணர்த்தினார். ஆயினும், ஒரே பயிர் ஏன் பரப்பப்பட்டது என்பதற்குத் தாவரவியல் விடை கூறாது. இலாபத்தையும் நிலவுடைமையையும் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட உழைப்பையும் ஆராயும் வரலாறும் பொருளியலுமே அதற்கு விடை கூறும். தொகுதியின் கடந்தகாலத்தை உடன்வைத்து நோக்குதல் இரண்டாவது தகைமை.

மனிதரைத் தொகுதிக்கு வெளியே நிறுத்தாமை மூன்றாவது. காடு பட்டுப்போவதற்கு வறட்சி மட்டுமே காரணமெனின், எவரும் பொறுப்பாளரல்லர். வேளாண் இரசாயனங்கள் மட்டுமே காரணமெனின், மலைச்சரிவிற் கிழங்கும் மரக்கறியும் பயிரிடும் சிறு விவசாயியே குற்றவாளியாவான். எனவே, ஒற்றைக் காரணத்தில் அமைதிகொள்ளுதல் அறிவுக்குறை மட்டுமன்று, அநீதியுமாகலாம். உறைபனியையும் நீரோடையையும் ஆண்டாண்டாகக் கண்டுவரும் தோட்டத் தொழிலாளரும் விவசாயியும் ஆய்வுப் பொருள்கள் மட்டுமல்லர், அவதானிகளுமாவர்.

மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் ஊற்றுக்கள் இம்மேட்டுநிலத்தில் உள்ளன. ஆதலால் இங்கு நிகழும் ஆய்வுப்பிழையின் விலையைச் சமவெளி உழவனும் செலுத்த நேரும். அவ்விலையை முன்கூட்டியே எண்ணிப்பார்ப்பவரே பல்துறை ஆய்வாளர் எனும் பெயருக்கு உரியவராவர்.