எதுகை பார்த்துச் சொல் படிப்போம்!

டிக்‌ஷனரி என்றால் முதல் எழுத்தைப் பிடித்துத்தான் தேட வேண்டும் என்று நினைக்கிறோம். இரண்டாம் எழுத்தை வைத்துத் தேடும் அகராதியும் தமிழில் உண்டு. இத்தாலியில் பிறந்து, நம் மாவட்டத்து ஆவூர் தேவாலயத்திலும் பணிபுரிந்த வீரமாமுனிவர் 1732-ல் தொகுத்தது சதுரகராதி. பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள். தொடையகராதியில் எதுகைச் சொற்கள் ஒன்றாக நிற்கும். பட்டம், சட்டம், வட்டம், மட்டம் என்பதுபோல. செய்யுள் எழுத உட்காருகிறவருக்குச் சொல் தேடி அலையும் வேலை மிச்சம்.

"அது புலவர்களுக்கு. டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்குப்பா?" என்கிறீர்களா? தமிழ் மீடியத்திலிருந்து வருகிற நம்மில் பலரை முதல் வருடம் மிரட்டுவது இங்கிலீஷ் வார்த்தைகள்தான். அங்கேயும் இந்த வழி கைகொடுக்கும். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே பார்க்க வேண்டியது சொல்லின் வாலை!

அம்மீட்டர், வோல்ட்மீட்டர், டேக்கோமீட்டர், தெர்மோமீட்டர் எல்லாவற்றுக்கும் வால் ஒன்றே. அளவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. 'டேக்கோ' வேகம், 'தெர்மோ' வெப்பம். தலை தெரிந்தால் கருவியின் வேலை தெரிந்துவிடும். 'ஸ்கோப்' என்று முடிந்தால், பெரும்பாலும் பார்க்க உதவும் கருவி.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வால்வாரியாக எழுதிப் பாருங்கள். மனப்பாடச் சுமை தானாகக் குறையும்!