பி.டி சாரா, கோச்சா... அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க!

"நல்லா விளையாடுறான், படிப்புதான் ஏறலை. பேசாம பி.பி.எட்-ல சேர்த்து விட்டுடலாம்."

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கிற டயலாக் இது. ப்ளஸ் டூ முடித்த கையோடு பி.பி.எட் சேர முடியாது, அதற்கு முதலில் ஒரு டிகிரி வேண்டும். படிப்பு ஏறாதவர்களுக்கான கோர்ஸும் அல்ல அது. இவையெல்லாம் அட்மிஷன் கவுன்டரிலேயே தெரிந்துவிடும். படித்து முடித்த பிறகுதான் தெரியவரும் குழப்பம் ஒன்று இருக்கிறது. 'இதைப் படிச்சா பி.டி சாரும் ஆகலாம், கோச்சும் ஆகலாம்' என்கிற நம்பிக்கைதான் அது.

இரண்டும் வேறு வேறு வேலை. பி.டி சாரிடம் வருவது ஒரு முழு வகுப்பு. அதில் மாவட்ட அளவில் ஓடுகிற பையனும் இருப்பான், ஆஸ்துமா இன்ஹேலரோடு வருகிறவனும் இருப்பான், பீரியட்ஸ் நாளில் கிரவுண்டுக்கு வரத் தயங்கும் மாணவியும் இருப்பார். அத்தனை பேரையும் அசைய வைப்பதுதான் அவர் வேலை. கோச்சிடம் வருகிறவர்களோ ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். ஒரு ஓட்டக்காரரின் நேரத்தில் 0.1 விநாடியைக் குறைக்க, மாதக்கணக்கில் திட்டம் போடுகிறவர் கோச். வேலை வேறு என்பதால் அதற்கான சான்றிதழும் வேறு.

ஆசிரியர் ரூட்

பள்ளியில் வேலை பார்க்க வேண்டுமென்றால், என்.சி.டி.இ எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அங்கீகரித்த படிப்பு தேவை. தொடக்க வகுப்புகளுக்கான டி.பி.எட், அதற்கு மேல் பி.பி.எட், எம்.பி.எட் என மூன்று படிகள். 2014-ல் வந்த விதிமுறைகளின்படி மூன்றுமே இரண்டு வருடப் படிப்புகள். பி.பி.எட் சேர, ஏதாவது ஒரு டிகிரியில் 50 சதவிகித மதிப்பெண்ணோடு, போட்டிகளில் கலந்துகொண்டதற்கான சான்றும் கேட்பார்கள். ஸ்கூல் டைம்ல வாங்கின சர்ட்டிஃபிகேட்டை எல்லாம் பரணில் போட்டு வைத்திருந்தால், இப்பவே எடுத்துப் பத்திரப்படுத்திக்கோங்க.

பலரும் சறுக்குகிற இடம் பி.பி.இ.எஸ். இது ப்ளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய மூன்று வருட இளநிலைப் பட்டம். பெயரும் சிலபஸும் பி.பி.எட் மாதிரியே இருக்கும். ஆனால் இது ஆசிரியர் பயிற்சி அல்ல. இதை முடித்துவிட்டு பி.பி.எட்டும் படித்தால்தான் ஆசிரியர் வேலைக்கான கணக்கில் வரும். ஐந்து வருடம் ஆகும் என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கே படிக்கலாம்? சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்வியியல் கல்லூரி 1920-ல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் ஆரம்பித்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர் இவர். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் இருக்கிறது தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். இதற்கான சட்டம் 2004-ல் வந்தது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வியியல் கல்லூரி உண்டு. தனியார் கல்லூரி என்றால், என்.சி.டி.இ அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஃபீஸ் கட்டாதீங்க.

உள்ளே என்ன படிப்பாங்க?

காலையில் கிரவுண்டு, அப்புறம் கிளாஸ் ரூம். உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டு உளவியல், யோகா, அளவீடு, நடுவர் பணி என்று போகும். பி.எட் மாணவர்கள் மாதிரியே லெஸன் பிளான் எழுதி, பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுக்கவும் வேண்டும்.

'விசில் ஊத எதுக்குப் படிப்பு?' என்று கேட்பவர்களிடம் ஒரு டிராக்கை மார்க் பண்ணச் சொல்லுங்கள். 400 மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. வெளியே போகப் போக வளைவின் தூரம் கூடுவதால், வெளி லேனில் இருப்பவர் முன்னால் நிற்பார். எவ்வளவு முன்னால் என்பதில்தான் கணக்கே இருக்கிறது. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். முதல் லேனின் தூரத்தை உள் விளிம்பிலிருந்து 30 செ.மீ தள்ளியும், மற்ற லேன்களின் தூரத்தை அவற்றின் உள் கோட்டிலிருந்து 20 செ.மீ தள்ளியும் அளப்பார்கள். அந்த 10 செ.மீ வித்தியாசத்தால், இரண்டாவது லேன்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்பார். அதன் பிறகு ஒவ்வொரு லேனுக்கும் 7.66 மீட்டர் கூடும். சுண்ணாம்புப் பொடியும் டேப்புமாக வெயிலில் நின்று இதைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஜியாமெட்ரி ஜென்மத்துக்கும் மறக்காது.

கோச் ரூட்

இது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். அரசு கோச் பணிகளுக்குப் பெரும்பாலும் கேட்கப்படுவது, பட்டியாலாவில் இருக்கும் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ. 'என்.ஐ.எஸ் முடிச்சவர்' என்று கிரவுண்டுகளில் மரியாதையோடு சொல்வார்களே, அதுதான். 1961-ல் பழைய மோதி பாக் அரண்மனையில் தொடங்கிய நிறுவனம் இது. இதன் டிப்ளமோ ஒரு விளையாட்டுக்கு மட்டுமானது. தடகளம் எடுத்தால் தடகளம், வாலிபால் எடுத்தால் வாலிபால். இங்கேயே ஆறு வார சர்ட்டிஃபிகேட் கோர்ஸும் உண்டு. ஆறு வாரத்தை முடித்துவிட்டு 'நானும் என்.ஐ.எஸ்' என்பவர்களைப் பார்க்கலாம். ஆனால், டிப்ளமோ கேட்கும் வேலைக்கு அது செல்லாது.

ஃபுட்பால் என்றால் டி, சி, பி, ஏ எனப் படிப்படியாக ஏறும் லைசென்ஸ்கள். கிரிக்கெட்டில் லெவல் முறை. இவை எதையும் பி.பி.எட் தானாகத் தந்துவிடாது.

வேலை?

இங்கேதான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டபோது, அதில் உடற்கல்வியும் இருந்தது. ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.பி 2017-ல் நடத்திய சிறப்பாசிரியர் தேர்வு போன்றவை வருடா வருடம் வருவதும் இல்லை. அதனால் பலரும் தனியார் பள்ளிகளில் சேர்கிறார்கள். அங்கே அசெம்பிளி, ஆண்டுவிழா, பஸ் டியூட்டி எல்லாம் பி.டி சார் தலையில்தான். இருக்கிற பி.டி பீரியடையும் ரிவிஷன் டெஸ்ட்டுக்காக மேத்ஸ் டீச்சர் வாங்கிக்கொள்வார்.

எம்.பி.எட் வரை போனால் கதவுகள் கொஞ்சம் கூடும். மேல்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி இயக்குநர், கல்லூரி என்றால் நெட் அல்லது செட் தேர்ச்சியோடு கல்லூரி உடற்கல்வி இயக்குநர். கல்லூரிப் பணிக்கு எழுத்தும் இன்டர்வியூவும் மட்டும் போதாது. யு.ஜி.சி-யின் 2018 விதிமுறைப்படி, 30 வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். வயது கூடக்கூட தூரம் குறையும். நெட் பரீட்சைக்காக இரண்டு வருடம் நாற்காலியிலேயே உட்கார்ந்து படித்தவர்களும் இந்த டெஸ்ட்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.