முதல் ஸ்கூட்டி: வண்டிக்கு முன் புத்தகத்தைப் பாருங்கள்

மன்னார்த் தீவில் இருந்துகொண்டு வேலைக்குப் போகிறவருக்கு ஸ்கூட்டி இன்று ஆடம்பரம் அல்ல. பேசாலையிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ நகரத்துக்கு வரும் கடைப் பணியாளர், நகரத்திலிருந்து பாலம் தாண்டித் தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன் என்று பெருநிலப்பரப்புப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியை, இரவுக் கடமை முடித்து வீடு திரும்பும் தாதி ஆகியோரின் நேரமும் பஸ்ஸின் நேரமும் ஒத்துப்போவது அபூர்வம். ஆகவே முதல் சம்பளங்கள் கைக்கு வந்ததும் வீட்டில் ஸ்கூட்டிப் பேச்சு தொடங்குகிறது. டியோவா, என்டோர்க்கா? லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? என்ன நிறம்? கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் அவை பின்னால் வர வேண்டியவை. வண்டி யாருடைய பெயரில் வரப்போகிறது, அதன்மேல் வேறு யாருக்காவது உரிமை இருக்கிறதா, என் சாரதி அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் அதற்குப் பொருந்துமா என்பவற்றுக்கு விடை கிடைத்த பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேசலாம். ஸ்கூட்டியால் ஒரு குடும்பம் கடனிலும் வழக்கிலும் விழுகிறதென்றால், அதற்கு எஞ்சினை விடக் கடதாசியே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு அண்மைக்கால வரலாறு ஒன்று உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய ஸ்கூட்டி கிடைப்பது அரிதானது, பழையவற்றின் விலை அவை புதிதாக விற்ற விலையையே தாண்டிப் போனது. ஒரே வண்டி நான்கைந்து கை மாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றப்பட்டதா என்றால், பல சமயம் இல்லை. முதல் உரிமையாளர் கையொப்பமிட்டு, திகதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் விட்ட மாற்றப் படிவம் வண்டியோடு சேர்ந்து கைமாறுகிறது. ஊரில் இதற்குப் பெயர் 'ஓபன் பேப்பர்'. விற்பவர், வாங்குபவர், தரகர் மூவருக்கும் அன்றைய வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. வாகனப் புத்தகம் என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றிதழில் மட்டும் யாரோ ஒருவரின் பெயர் அப்படியே கிடக்கிறது.

ஓபன் பேப்பர் ஆபத்தாகத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், அது நாளாந்த ஓட்டத்துக்கு எந்த இடையூறும் செய்யாததுதான். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கையில் இருந்தால், பழைய உரிமையாளரின் பெயரிலேயே வருமான அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டுவிடும். ஏதாவது நடக்கும் வரைக்கும் குறை தெரியாது. புத்தகத்தில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டால் அந்தக் கையொப்பத்தை வைத்துப் பெயர் மாற்றுவது முறையல்ல, வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். அவர் இந்தியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்விட்டால், இந்தக் கரையோரத்தில் அது சாதாரணம், தேடல் இன்னும் நீளும். வண்டி களவு போனால் 'இது என்னுடையது' என்று பொலிஸில் காட்ட உங்களிடம் பதிவு எதுவும் இல்லை. விற்றவருக்கும் இதில் நிம்மதி கிடையாது: அவர் என்றோ விற்ற வண்டி ஒருவரை மோதிவிட்டு ஓடினாலோ, கடத்தலுக்குப் பயன்பட்டாலோ, முதலில் தட்டப்படுவது அவருடைய வீட்டுக் கதவுதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் உடைமை மாறியதைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடமையை விற்பவர், வாங்குபவர் இருவர் மேலும் வைத்திருக்கிறது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

'ஊரே இப்படித்தான் ஓடுகிறது, பெயர் மாற்றக் காசும் அலைச்சலும் ஆகும்' என்பார்கள். அலைச்சல் உண்மைதான், மன்னாரில் இருப்பவருக்குக் கூடுதலாகவே உண்டு. ஆனால் அந்தச் செலவை வாங்கும் நாளில் விலையோடு சேர்த்துப் பேசி, யார் கொடுப்பது என்று முடிவெடுக்கலாம். மூன்று வருடம் கழித்து அதைப் பேச எதிரில் ஆள் இருக்கமாட்டார். காணி வாங்கும்போது உறுதியைப் பார்க்காமல் நம்மில் எவரும் முற்பணம் கொடுப்பதில்லை. அதே கவனம் இங்கும் வேண்டும். மூலப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள், நிழற்படப் பிரதியைக் காட்டினால் போதாது. ஒரு துணியால் கறையைத் துடைத்து, சட்டகத்தில் பொறித்திருக்கும் செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகள் கோணலாகவோ, அந்த இடம் மட்டும் புதிதாக உரசிப் பூசியதாகவோ இருந்தால் வண்டியைத் தொடாமல் வந்துவிடுங்கள். வாகன இலக்கத்தைக் கொடுத்து விவரம் பார்க்கும் வசதி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. முற்றுரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், விற்பவர் 'எல்லாம் கட்டி முடிந்தது' என்று எவ்வளவு சொன்னாலும், அந்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் வரும்வரை பணம் கைமாறக் கூடாது.

புதிய வண்டி எடுப்பவருக்கு ஓபன் பேப்பர் பிரச்சினை இல்லை. அவருக்கு லீசிங் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் எடுக்கும் வண்டி கடைசித் தவணை கட்டி முடியும்வரை சட்டப்படி நிறுவனத்துக்கே சொந்தம். நீங்கள் அதைப் பாவிக்கும் உரிமையை மட்டும் பெற்றவர். இதைவிடக் குழப்பமானது வட்டி. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 300,000 ரூபாய் கடன், மாதம் 12,500 ரூபாய், 36 மாதங்கள். மொத்தம் கட்டுவது 450,000. மேலதிகம் 150,000 என்பதால் வருடத்துக்கு 17 வீதம் அளவில் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வார். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், மூன்று வருடமும் 300,000 உங்கள் கையில் இருப்பதில்லை. குறையும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அதே கடனின் உண்மையான வட்டி வருடத்துக்கு 28 வீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே 'மாதம் எவ்வளவு' என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், குறையும் மீதிக்கான வட்டி எத்தனை வீதம், எல்லாக் கட்டணங்களும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, முன்கூட்டிக் கட்டி முடித்தால் எவ்வளவு கழியும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

லீசிங் இல்லாவிட்டால் ஏழை எப்படி வண்டி வாங்குவது என்ற எதிர்வாதம் வலுவானது. கைக்காசு போதாதவருக்கு இந்த வழியை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவணை மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துப் போடப்பட்டது. கடல் தரும் வருமானம் அப்படி ஒழுங்காக வருவதில்லை. சோளகம் பலமாக வீசும் நாட்களில் தொழிலுக்கு இறங்க முடியாத வீட்டில் தவணைத் திகதி மட்டும் தவறாமல் வரும். அப்படியான குடும்பம் நல்ல மாதத்து வருமானத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, மிக மோசமான மாதத்தில் எவ்வளவு கட்டமுடியும் என்பதைப் பார்த்தே கடன் தொகையைத் தீர்மானிக்க வேண்டும். பிணையாளியாகக் கையொப்பமிடும் மச்சானுக்கும் அயலவருக்கும் அது வெறும் சாட்சிக் கையொப்பம் அல்ல, கடன் அவர்கள் தலையிலும் விழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. வெற்றுப் படிவத்தில் எவரும் கையொப்பமிட வேண்டாம். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். விளங்காத மொழியில் நீட்டப்படும் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோய் விளங்கியவரிடம் வாசிப்பித்து வர நேரம் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

தவணை தவறினால் வண்டியைத் திருப்பிக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. மறித்து மிரட்டவோ, பலவந்தமாகச் சாவியைப் பறிக்கவோ உரிமை கிடையாது. 'சீசிங்' என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் அடையாளத்தையும் நிறுவனம் கொடுத்த எழுத்து அதிகாரத்தையும் கேளுங்கள். மிரட்டல் என்றால் 119. அதைவிட முக்கியம், தவறப்போகிறது என்று தெரிந்த உடனேயே நிறுவனத்துக்கு எழுதி, தவணையை மறுசீரமைக்கக் கேட்பதும் அந்தக் கடிதத்தின் பிரதியை வைத்திருப்பதும். நிறுவனம் ஒழுங்கான பதில் தராவிட்டால் இலங்கை மத்திய வங்கிக்குப் போகலாம். நிதி வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளைக் கவனிக்கவென்றே அங்கு ஒரு திணைக்களம் 2020இல் தொடங்கப்பட்டது, அதன் தொலைபேசி இலக்கம் 1935. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டதற்கான எழுத்துச் சான்று அங்கே கேட்கப்படும். பதிவு பெறாத தனியாரிடம் வண்டியை ஈடுவைத்து வாங்கிய கடனுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாது.

இனி சாரதி அனுமதிப்பத்திரம். இலங்கையில் 100 சிசிக்கு உட்பட்ட இருசக்கர வண்டிக்கு ஏ1 வகுப்பும், அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகுப்பும் வேண்டும். பழைய ஸ்கூட்டி பெப் பிளஸ் சுமார் 88 சிசி. டியோ சுமார் 110, என்டோர்க் சுமார் 125. எல்லாவற்றையும் நாம் 'ஸ்கூட்டி' என்றே அழைப்பதால் ஏ1 மட்டும் உள்ளவர் டியோவை எடுத்து ஓடிவிடுகிறார். விபத்து நடந்தபின் 'உரிய அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டினார்' என்ற ஒரே வரி அவருடைய இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளிவிடப் போதும். மின்சார ஸ்கூட்டி விற்பவர் சிலர் 'லைசன்சும் வேண்டாம், நம்பரும் வேண்டாம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். பதிவுச் சான்றிதழ் கிடைக்கும் மாதிரிதானா என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள், பிறகு திணைக்களத்திலும் விசாரியுங்கள். வீதியில் வேகமாக ஓடக்கூடிய வண்டிக்குப் பதிவும் காப்புறுதியும் இல்லையென்றால், அது மோதும் ஒவ்வொருவரின் வைத்தியச் செலவும் உங்கள் சொந்தக் கணக்கில்தான் வரும்.

காப்புறுதியில் மலிவான வழி 'தேர்ட் பார்ட்டி'. சட்டம் கட்டாயமாக்கியது அதைத்தான். அது நீங்கள் மோதியவரின் காயத்துக்கும் மரணத்துக்கும் பொறுப்பேற்கும், உங்கள் கையெலும்புக்கோ உங்கள் வண்டிக்கோ ஒரு சதமும் தராது. தீவின் வீதிகளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்ல வேண்டியதில்லை. இரவில் தலைமன்னார் வீதியில் கழுதைகளும் மாடுகளும் நடுவே படுத்திருக்கும். கட்டாக்காலியில் மோதினால் எதிர்த்தரப்பு என்று ஒருவர் இருக்கமாட்டார், ஆகவே 'தேர்ட் பார்ட்டி' மட்டும் வைத்திருப்பவருக்கு எங்கிருந்தும் இழப்பீடு வராது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்துக்குப் பிறகு, வெள்ளம் காப்புறுதியில் அடங்குகிறதா என்று கேட்காமல் முழுக் காப்புறுதிகூட எடுக்கக் கூடாது. 'முழு' என்று பெயர் இருந்தாலும் இயற்கை அனர்த்தத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டி இருக்கலாம். முழுக் காப்புறுதி விலை கூடியதுதான். ஆனால் கடனில் எடுத்த வண்டி நொறுங்கிவிட்டால், இல்லாத வண்டிக்குத் தவணை கட்ட வேண்டிய நிலை அதைவிட விலை கூடியது.

கடதாசி சரியாக இருந்தால் இனி வண்டியைப் பார்க்கலாம். உப்புக் காற்று இரும்பை விடாது. கால் வைக்கும் இடத்தின் ரப்பர் விரிப்பைத் தூக்கி அடித்தகட்டைப் பாருங்கள். நடு ஸ்டாண்ட் மூட்டு, சைலன்சர் ஆணிகள், பற்றரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் ஹெட்லைற் கண்ணாடிக்கு உள்ளே சேற்றுக் கோடு தங்கியிருக்கும், பூச்சு அடித்தாலும் அது மறையாது. மூன்று கிலோமீற்றர் நீளத் தாம்போதியில் குறுக்கே அடிக்கும் காற்று சிறு சக்கர வண்டியை இழுக்கும், ஆகவே சக்கரம் பெரிதாகவும் ரயர் புதிதாகவும் இருப்பது இங்கே அழகுக்கான விஷயம் அல்ல. நகரத்துக் கராஜ்களில் உதிரிப்பாகம் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் மாதிரியையே எடுங்கள், வவுனியாவுக்கு ஏற்றிப் போய்த்தான் திருத்த முடியும் என்றால் விலைக் கழிவு எல்லாம் அந்தப் பயணத்திலேயே கரைந்துவிடும். ஹெல்மெட்டில் எஸ்.எல்.எஸ் 517 முத்திரை இருக்கிறதா பாருங்கள். நாட்டில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள், அவர்களில் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

புதிய வண்டியில் குறை இருந்து விற்பனையாளர் உத்தரவாதத்தை மறுத்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். 'அடுத்த சேர்விஸில் பார்ப்போம்' என்று கடைக்காரர் இழுத்தடிக்கும்போது இந்தக் காலக்கெடுவை மனதில் வைத்திருங்கள். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. தனியாளிடம் வாங்கிய பழைய வண்டி தொடர்பான தகராறுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, சட்டத்தரணி இல்லாமலே அங்கு பேசலாம். வழக்கு என்று வந்தால் வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது, திகதியும் விற்றவர், வாங்கியவர் இருவரின் அடையாள அட்டை இலக்கங்களும் எழுதப்பட்ட ஒரு துண்டுக் கடதாசிதான்.

கடைசியாக, பெயர். சம்பளத்தில் தவணை கட்டுவது ஆசிரியை, புத்தகத்தில் இருப்பது தம்பியின் பெயர் அல்லது கணவரின் பெயர் என்ற நிலை நம் வீடுகளில் மெத்தச் சாதாரணம். அன்பால் அப்படிச் செய்வதாகச் சொல்வார்கள். ஆனால் குடும்பத்தில் பிரிவோ மரணமோ வந்தால் கட்டிய பணத்துக்கு அவரிடம் ஆதாரம் இல்லை. சீதனமாக வாங்கிக் கொடுக்கும் ஸ்கூட்டியும் மகளின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். பதியும்போது இன்னொன்றையும் பாருங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் எழுதிவிடுகிறார்கள். அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்துகள் புத்தகத்திலும் காப்புறுதியிலும் இருக்கின்றனவா என்று அந்த இடத்திலேயே நின்று வாசித்துப் பார்த்து, பிழை இருந்தால் அன்றைக்கே திருத்திக்கொண்டு வெளியே வாருங்கள்.